குறும்பட டிரெய்லர்: பேய்ப் படமா, காமெடியா என்று காதிலேயே தெரிய வேண்டும்

பத்து நிமிடக் குறும்படத்துக்கு டிரெய்லர் வெட்ட உட்காரும்போது பலரும் செய்வது, படத்தில் அழகாக வந்த ஷாட்களை அடுக்கி மேலே ஒரு வேகமான இசையைப் போட்டுவிடுவது. பார்ப்பவருக்கு அது பேய்ப் படமா காதல் படமா என்றே பிடிபடாது. அதனால் எடிட்டிங் மென்பொருளில் ஷாட்களை அடுக்கும் டைம்லைனைத் திறக்கும் முன் ஒரே ஒரு வரி எழுதி வையுங்கள்: பார்த்து முடித்தவருக்கு எந்த உணர்வு மிஞ்ச வேண்டும்? கதைச்சுருக்கம் தேவையில்லை.

சுமார் நூறு வருடங்களுக்கு முன்பு ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் என்று வெவ்வேறு ஷாட்களோடு ஒட்டிக் காட்டினாராம். முகம் மாறவே இல்லை, ஆனால் பார்த்தவர்கள் அதில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்கள் என்பார்கள். உங்களிடம் இருக்கும் ஷாட்களும் அப்படித்தான், பக்கத்தில் எது வருகிறது, அடியில் என்ன ஒலி ஓடுகிறது என்பதைப் பொறுத்து ஒரே ஷாட் சிரிக்கவும் வைக்கும், நடுங்கவும் வைக்கும்.

எனவே முதலில் ஒலியை வெட்டுங்கள். நல்ல வசனம் நாலைந்து, முக்கியமான சத்தங்கள், இசை, இவற்றை மட்டும் அடுக்கிக் கண்ணை மூடிக் கேளுங்கள். அப்போதே என்ன வகைப் படம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பேய்ப் படம் என்றால் அவசரமே வேண்டாம். மூடிய கதவை நான்கு விநாடி காட்டுங்கள், உங்களுக்கே நீளம் என்று தோன்றும், பரவாயில்லை. திடுக்கிட வைக்கும் இடத்துக்கு ஒரு விநாடி முன்பு இசையை முழுதாக எடுத்துவிடுங்கள், ஆனால் அறையின் மெல்லிய இரைச்சல் மட்டும் இருக்கட்டும், அதுவும் போனால் ஆடியோ கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். நண்பர்களின் படம் ஒன்றுக்குக் கடைசிப் பத்து விநாடியில் இசையைத் தூக்கிவிட்டுக் குழாய் சொட்டும் சத்தத்தை மட்டும் விட்டேன், அதுவரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அங்கேதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம், பேயைக் காட்டாதீர்கள். பேயைப் பார்த்த முகம் போதும்.

காமெடிக்கு வேறு மாதிரிக் கவனம் வேண்டும். வசனம் முடிந்ததும் வெட்டிவிட்டால் சிரிப்பு செத்துவிடும், எதிரில் இருப்பவரின் முகத்தில் ஒரு 12 ஃப்ரேம் (ஃப்ரேம் என்பது வீடியோவின் ஒரு தனிப் படம்), அதாவது விநாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் அரை விநாடி, நின்றுவிட்டு வெட்டுங்கள். படத்தின் மிகச் சிறந்த ஜோக்கை மட்டும் படத்துக்கே விட்டுவிடுங்கள்.

த்ரில்லரில் ஷாட்களின் நீளம் குறைந்துகொண்டே வரட்டும்: 48 ஃப்ரேம், 24, 12, பிறகு திடீரென்று கறுப்புத் திரை. ஒரு காட்சியின் குரலை இன்னொரு காட்சியின் மேல் ஓடவிட்டால் கேள்விகள் தானாக எழும். படத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஒரு ஷாட்டும் எடுக்காதீர்கள். காதல் படமா? பார்வைகளுக்கு நேரம் கொடுங்கள், வசனத்தைக் குறையுங்கள்.

மொத்த நீளம் 45 விநாடியிலிருந்து ஒரு நிமிடம் போதும். இசையைப் பயன்படுத்த அனுமதி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், எல்லாம் வெட்டி முடித்த பிறகு இசையை மாற்றினால் தாளத்துக்கு வைத்த ஒவ்வொரு வெட்டும் தப்பிப்போகும்.

சரி, முடித்ததும் ஃபோன் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். பிறகு கதை தெரியாத ஒருவரிடம் காட்டி, நன்றாக இருக்கிறதா என்று கேட்காமல், இது என்ன மாதிரிப் படம் என்று மட்டும் கேளுங்கள். வேறு பதில் வந்தால் ஷாட்களில் கை வைக்கும் முன் இசையை மாற்றிப் பாருங்கள், வெட்டுகளைப் பிறகு புதுத் தாளத்துக்குச் சரிசெய்ய வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.