ஒன்பது வருட இடைவெளிக்குப் பிறகு வகுப்பறை உதவியாளர் நேர்முகத் தேர்வு: நான் தயாரான விதம்

முதலில் இரண்டு பிள்ளைகள், அப்புறம் படுத்த படுக்கையான மாமியார். ஒன்பது வருடம் நான் வேலைக்குப் போகவில்லை. முதல் நேர்முகத் தேர்வில் "இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். பத்து நிமிடம் விளக்கம் சொன்னேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு எப்படி உதவுவேன் என்று பேச நேரமே மிஞ்சவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

அடுத்த முறை அந்தப் பதிலை இரண்டு வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்: "குடும்பப் பொறுப்புக்காக வேலையை விட்டேன், இப்போது அது குறைந்துவிட்டது. இரண்டு மாதமாக நூலகத்தில் வாரம் இரண்டு நாள் சின்னப் பிள்ளைகள் வாசிக்க உதவுகிறேன்." அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கிற குரலே வேண்டாம். அந்த இரண்டாவது வாக்கியம் உங்களுக்கும் வேண்டும். அதற்காகவாவது இப்போதே எங்காவது பிள்ளைகளோடு உட்காருங்கள்.

"ஒரு பிள்ளை பாடத்தில் திணறினால்?" என்ற கேள்வி வந்தே தீரும். "பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன்" என்று எல்லோரும் சொல்வார்கள். நான் நூலகத்துப் பையனைப் பற்றிச் சொன்னேன். 'மரங்கொத்தி' என்ற சொல்லில் நின்றுவிட்டான். நான் வாசித்துக் காட்டவில்லை. 'கொத்தி'யை விரலால் மறைத்தேன். 'மரங்' என்றான். விரலை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். மீதியை அவனே படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். பிள்ளையின் வேலையைப் பிள்ளையே செய்யவிடுவதுதான் இந்த வேலையின் உயிர். உங்கள் பதிலில் அது தெரிய வேண்டும்.

அந்தச் 'சும்மா இருப்பது' லேசில் வராது. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் கண்டார். மூன்று விநாடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன என்றும் கண்டார். வீட்டில் என் மகளிடம் ஏதாவது கேட்டுவிட்டு மனசுக்குள் மூன்று எண்ணிப் பழகினேன். முதல் வாரம் நாக்கு துறுதுறுத்தது.

பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய கேள்விக்கு மட்டும் தடுமாறவே கூடாது. "யாரிடமும் சொல்லாதீங்க" என்று ஒரு பிள்ளை எதையாவது சொன்னால், ரகசியமாக வைப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். நிதானமாகக் கேளுங்கள். "அவர் அடித்தாரா?" என்று நீங்களாக எடுத்துக்கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, தேதி நேரத்தோடு எழுதி, பள்ளியில் அதற்குப் பொறுப்பானவரிடம் உடனே ஒப்படையுங்கள். நீங்களே வீட்டுக்குப் போன் செய்து விசாரிக்க வேண்டாம். இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

சில பள்ளிகளில் நாலைந்து பிள்ளைகளோடு உட்காரவைத்துப் பார்ப்பார்கள். நின்றுகொண்டு பேசாமல், அவர்கள் உயரத்துக்கு உட்காருங்கள். முதலில் பெயர் கேளுங்கள்.

சான்றிதழ்கள், அடையாள ஆவணங்கள் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். பழைய மேலாளரைத் தேடிப்பிடிக்க முடியாவிட்டால், உங்களைப் பற்றிச் சொல்ல இப்போது உங்களைத் தெரிந்தவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எனக்கு நூலகப் பொறுப்பாளர் உதவினார்.

கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "மறுநாள் பாடத்தைப் பற்றி ஆசிரியரும் உதவியாளரும் எப்போது பேசிக்கொள்வார்கள்?" என்று கேட்டேன். தலைமையாசிரியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார். தினமும் காலையில் பத்து நிமிடமாம். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே அங்கே சேர விரும்பினேன்; சேர்ந்தும்விட்டேன்.