கச்சான் காலத்தில் தெளிப்பு ட்ரோனின் சூட்டைக் கட்டுப்படுத்தும் முறை

மட்டக்களப்பு, அம்பாறை வயல் வட்டைகளில் சிறுபோகப் பயிர் நிற்கும் காலத்தில்தான் கச்சான் எனப்படும் வறண்ட சூட்டுக் காற்றும் வீசுகிறது. மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் மிகுதியாகச் சூடேறுவதும் அப்போதுதான். எனினும் அச்சூட்டின் பெரும்பங்கு வெயிலால் வருவதன்று. பற்றரி, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுக் கருவியான வேகக் கட்டுப்படுத்தி, மோட்டார் ஆகியவற்றின் உள்ளே மின்னோட்டம் உண்டாக்குவது. ஆகவே முதலில் குறைக்க வேண்டியது மின்னோட்டத்தையே.

அதற்கு எளிய வழி தாங்கியை நிரப்பாமல் பறப்பதாகும். மொத்தம் 25 கிலோ எடையுடன் எழும்பும் ட்ரோனில் இரண்டரை லீற்றர் மருந்தைக் குறைத்தால் எடை 10 சதவீதம் குறைகிறது. மிதந்து நிற்கத் தேவையான வலு ஏறத்தாழ 15 சதவீதம் குறைகிறது. மின்தடையால் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அது 27 சதவீதமளவு குறைகிறது. கூடுதல் தடவை ஏற்றி இறக்க வேண்டியிருந்தாலும் அது நட்டமன்று. காற்று 15 பாகை செல்சியஸிலிருந்து 35 பாகைக்குச் சூடேறும்போது அதன் அடர்த்தி 6 முதல் 7 சதவீதம் வரை குறைந்து, அதே எடையைத் தூக்கச் சுழலிகள் இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருப்பதால், தெளிப்பை விடியற்காலையிலேயே தொடங்கிவிடுவது நல்லது. காற்று எழுந்தபின் தெளித்தால் மருந்தும் அடுத்தவர் வரவைக்குத்தான் போகும்.

அடுத்தது, உண்டான வெப்பத்தை வெளியேற்றுவது. சர்வதேச விண்வெளி நிலையத்தைச் சூழக் காற்றில்லாததால், அது தன் வெப்பத்தை அமோனியா ஓடும் பெரிய தகடுகள் வழியே கதிர்வீச்சாகவே வெளியேற்றுகிறது. ட்ரோனுக்கோ சுழலிகளே காற்றைக் கீழ்நோக்கித் தள்ளித் தருகின்றன. அந்தக் காற்று படும், சூட்டை வெளிவிடும் அலுமினியத் தகடுகளில் காய்ந்த மருந்தும் சேறும் படிந்திருந்தால் அவை போர்வை போலச் சூட்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும், தகடுகள் ஆறியபின், ஈரத்துணியால் இடுக்குகள் வரை துடைக்க வேண்டும்.

இறங்கியவுடன் எல்லா மோட்டார்களையும் தொடாமல் அளக்கும் வெப்பமானியால் அளந்து ஒப்பிட வேண்டும். நெற்றியில் பிடிக்கும் வகை இதற்கு உதவாது. பளபளக்கும் உலோகத்தில் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் என்பதால், ஒவ்வொரு மோட்டாரின் அசையாத பகுதியிலும் ஒரே இடத்தில் சிறு கறுப்பு டேப் துண்டை ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாயிருந்தால் அதன் பேரிங்கையும் சுழலியையும் பார்க்க வேண்டும்.

பற்றரி விடயத்தில் கண்டிப்பு தேவை. பெரும்பாலான லிதியம் பற்றரிகள் பறக்கும்போது 60 பாகையையும், சார்ஜ் செய்யும்போது 45 பாகையையும் தாண்டக் கூடாது. தயாரிப்பாளர் இதைவிடக் குறைந்த எல்லை தந்திருந்தால் அதுவே கணக்கு. கழற்றிய பற்றரியை வாடியின் நிழலில், காற்றோட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்து ஆறவிட்ட பின்னரே சார்ஜரில் பூட்ட வேண்டும். ரெஜிபோம் பெட்டி வெளிச்சூட்டைத் தடுப்பது போலவே உட்சூட்டையும் போகவிடாது. ஆகையால் ஆறிய பற்றரிகளை வயலுக்குக் கொண்டுபோக மட்டுமே அது ஏற்றது. ஐஸ் வைத்தால் இணைப்புகளில் ஈரம் கோக்கும். வீங்கிய பற்றரியை அமுக்கவோ குத்தவோ கூடாது. வைக்கோலுக்கும் எரிபொருளுக்கும் எட்டத்தில், வெறும் மணலில் தனியே வைக்க வேண்டும்.