பாட்டில் யாருக்கும் கேட்காத வேலை: குரல் டிராக்கைச் சுத்தம் செய்வது எப்படி?

வீட்டில் பாடிப் பதிவு செய்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ரிவெர்ப் போடலாம்?" என்பதுதான். ரிவெர்ப், அதாவது பெரிய கூடத்தில் பாடியதுபோல் குரலுக்கு எதிரொலி சேர்ப்பது, கடைசி. நாலு நிமிடப் பாட்டு ஒன்றுக்கு, அதற்கு முந்தைய வேலைக்கே எனக்கு இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும்.

1. பதிவு

ஃபேனை நிறுத்துங்கள். வியர்க்கும், வேறு வழியில்லை. பாடுகிறவரின் முதுகுப் பக்கம் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி குறையும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்வாக இருக்கட்டும். இல்லையென்றால் ஒவ்வொரு 'ப'வும் வெடிக்கும். மிகச் சத்தமான வரியைப் பாடச் சொல்லி, மீட்டர் மைனஸ் 10 டெசிபெல்லைத் தாண்டாமல் அளவை வையுங்கள். பாடும் முன் பத்து விநாடி சும்மா பதிவு செய்யுங்கள். பின்னால் இரைச்சலைக் கழிக்க அதுதான் மாதிரி.

2. ஒட்டுவேலை

மூன்று முறை பாடவைத்து, நல்ல வரிகளைப் பொறுக்கி ஒன்றாகச் சேருங்கள். ஒட்டும் இடத்தில் 5 முதல் 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேட் (ஒரு துண்டு மங்க, அடுத்தது மெல்ல எழும்படி இணைப்பது) கொடுக்காவிட்டால் 'டிக்' என்று கேட்கும்.

3. மூச்சு

ஆரம்பத்தில் நானும் எல்லா மூச்சையும் வெட்டி எறிந்தேன். பாடிய தோழி கேட்டுவிட்டு, "நான் எங்கேயுமே மூச்சு விடலையா?" என்றாள். உண்மைதான், ரோபோ பாடியதுபோல் இருந்தது. அழிக்க வேண்டாம், ஒவ்வொரு மூச்சையும் தேர்ந்தெடுத்து 6 முதல் 8 டெசிபெல் குறைத்தால் போதும். சரணத்துக்கு முன் இழுக்கும் பெரிய மூச்சை நான் தொடுவதே இல்லை. அதில் ஒரு உயிர் இருக்கிறது.

4. ஈக்யூ, கம்ப்ரஸர்

ஈக்யூ என்பது குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவும் கருவி. அதில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுங்கள். நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' பெரும்பாலும் அதோடு அடங்கும். அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸில் மிச்சம் இருந்தால் அங்கே மட்டும் ஒல்லியாகக் குறையுங்கள். 'ஸ' காதைக் கீறினால் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை தேடி, கீறும் இடத்தைக் குறையுங்கள்.

கம்ப்ரஸர், சத்தமான இடங்களை அமுக்கிக் குரலைச் சமப்படுத்தும் கருவி. அதை 3:1 என்று வைத்தால், நீங்கள் வைத்த எல்லையை 6 டெசிபெல் தாண்டும் குரல் 2 டெசிபெல் மட்டுமே தாண்டி வெளிவரும். அதற்கு மேல் நசுக்கினால் பாட்டின் உணர்ச்சி போய்விடும்.

5. சொல்லின் வால்

எனக்கு அதிக நேரம் பிடிப்பது இதற்குத்தான். "மழையில்" என்று பாடும்போது 'மழை' கணீரென்று வரும், கடைசி 'ல்' தபேலாவுக்கு அடியில் போய்விடும். தமிழ்ப் பாட்டில் இப்படி ல், ள், ன் என்று முடியும் வரிகள் ஏராளம். மென்பொருளில் ஒலியளவை ஏற்றி இறக்கும் வால்யூம் கோட்டை அந்த எழுத்தில் மட்டும் 2 டெசிபெல் தூக்கிவிடுங்கள். பாட்டு முழுக்க இப்படி முப்பது நாற்பது இடம் வரும். சோம்பல்பட்டால் சொல்லே புரியாது.

6. சோதனை

ஹெட்போனைக் கழற்றுங்கள். மொபைல் ஸ்பீக்கரில் மெதுவாக ஓடவிட்டு, அடுக்களையில் போய் நின்று கேளுங்கள். எந்தச் சொல் காதில் விழவில்லையோ, அதைக் குறித்துக்கொண்டு மறுபடி ஐந்தாவது படிக்குப் போங்கள். எல்லாம் விழுகிறதா? சரி, இப்போது ரிவெர்ப்பைத் திறக்கலாம்.