லண்டன் சேவிங் கிறீம்: எது காசுக்குப் பெறுமதி, எங்கள் தண்ணீரில் எப்படிச் சோதிப்பது

ஆடி, ஆவணியில் வெளிநாட்டுச் சொந்தக்காரர் வரத் தொடங்கினால் வன்னியில் எல்லா வீட்டுத் தொலைபேசியிலும் ஒரே கேள்விதான், "உனக்கு என்ன கொண்டு வர?" நாங்களும் சொக்லேட், சென்ட் என்று சொல்லியே பழகிவிட்டோம். வருகிறவர் லண்டன்காரர், நீங்கள் பிரஷ்ஷும் பிளேட்டும் வைத்து ஒழுங்காகச் சேவ் எடுக்கிற ஆள் என்றால், இந்த முறை ஒரு நல்ல இங்கிலீஷ் சேவிங் கிறீம் கேளுங்கள். ஒரு டப்பா மாதக்கணக்கில் வரும், ஒவ்வொரு காலையும் பயன்படும். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்து கேட்க வேண்டும். தெரியாமல் கேட்டால் மாமா கடைக்குள் போய் விலை கூடியதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார், பாசத்தில்.

முதலில் பெயர்கள். இந்தச் சாமானில் பெரிய பெயர் மூன்று: ட்ரூஃபிட் அன்ட் ஹில், டெய்லர் ஒஃப் ஓல்ட் பொன்ட் ஸ்ட்ரீட், ஜியோ எஃப். ட்ரம்பர். ட்ரூஃபிட் 1805இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய சலூன் என்று கின்னஸில் பதிவாகியிருக்கிறது. டெய்லர் 1854, ட்ரம்பர் 1875. மூன்றுமே முடிவெட்டுகிற கடையாகத் தொடங்கியவை, இன்றைக்கும் லண்டன் நடுவில் சலூன் நடத்துகின்றன. நாலாவதாக டி. ஆர். ஹரிஸ், 1790இல் இருந்து, அது பாமசியாக வளர்ந்த கடை. எலிசபெத் மகாராணியின் கணவர், எடின்பரோ கோமகன் பிலிப்பின் அரச முத்திரை, அதாவது அவருக்குச் சாமான் கொடுக்கிற கடை என்ற அங்கீகாரம், ட்ரூஃபிட்டிடம் இருந்தது என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் அந்த முத்திரை உங்கள் தாடையில் பிளேட் வழுக்குமா என்று சொல்லாது.

டப்பாவைத் திருப்பி உள்ளே என்ன இருக்கிறது என்று வாசியுங்கள். கூடுதலாக இருப்பதை முதலிலும் குறைவாக இருப்பதைப் பின்னாலும் எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம், அதனால் முதல் ஐந்தாறு சொல்லிலேயே விஷயம் முடிந்துவிடும். தண்ணீர், ஸ்டியரிக் அமிலம், தேங்காய் எண்ணெயோ அதில் இருந்து எடுத்த கொழுப்பமிலமோ, பொற்றாசியம் ஐதரொட்சைட்டு என்ற காரம், கிளிசரின். எந்தக் கடைக் கிறீமை எடுத்தாலும் அடித்தளம் கிட்டத்தட்ட இதுதான். அதாவது இது சவர்க்காரம், இளகிய சவர்க்காரம். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை ஓடிய காலத்தில் உப்பில் இருந்து கோஸ்டிக் சோடா செய்தார்களே, அந்தச் சோடியக் காரம் போட்டால் சவர்க்காரம் கட்டியாக வரும், பொற்றாசியக் காரம் போட்டால் இளகி வரும். ஸ்டியரிக் அமிலம் நுரையை நின்று பிடிக்க வைக்கிறது, தேங்காய் அதைச் சட்டென்று பொங்க வைக்கிறது, கிளிசரின் காயாமல் வைத்திருக்கிறது. இந்த மூன்றும் ஒழுங்காக இருக்கும் கிறீம் நல்ல கிறீம். மேலதிகமாகக் கொடுக்கிற காசில் பெரும்பகுதி வாசனைக்கும் பெயருக்கும் டப்பாவுக்கும்தான் போகிறது. வாசனைக்குக் காசு கொடுப்பது பிழை என்று நான் சொல்லவில்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள்.

இனி வன்னியில் எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம், தண்ணீர்.

கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவு, எங்கே பார்த்தாலும் கிணற்றுத் தண்ணீரிலும் குழாய்க் கிணற்றுத் தண்ணீரிலும் கல்சியம் கூட. கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிகிறது, குளித்தால் தலைமுடி பிசுபிசுக்கிறது, சவர்க்காரம் நுரைக்கவே மாட்டேன் என்கிறது, இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போனது. அதே கல்சியம் சேவிங் கிறீமையும் விடாது. கிறீமில் இருக்கிற சவர்க்காரம் முதலில் தண்ணீரில் உள்ள கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து கரையாத அழுக்காக மாறும், அந்தக் கணக்கு முடிந்த பிறகு மிஞ்சுவதுதான் நுரையாகும். பேசினில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் ஒட்டிக்கொண்டு, கை விரலால் தேய்த்தால் மெழுகு மாதிரி வழுக்காமல் உருளுமே, அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கிறீம்தான். கல்சியம் குறைந்த தண்ணீர் உள்ள ஊரில் நன்றாக நுரைக்கிறது என்று ஒருவர் எழுதியதை வாசித்துவிட்டு இங்கே எடுத்துப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். கிறீமில் குற்றமே இருக்காது.

ஆகவே எந்தக் கிறீமையும் எடைபோட முன்னர் தண்ணீரைச் சரிப்படுத்துங்கள். ஒரு சேவுக்குத் தேவைப்படுவது ஒரு கோப்பைத் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம். மாரியில் கூரைப் பீலியால் விழுகிற மழைத்தண்ணீர் மிகச் சிறந்தது, முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும், பிறகு விழுவதை ஒரு போத்தலில் பிடித்து மூடி வையுங்கள். மழை இல்லாத காலத்தில் குடிக்க வாங்குகிற ஆர்.ஓ. தண்ணீரில், அதாவது இயந்திரத்தில் உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீரில், ஒரு கோப்பை எடுங்கள், சிறுநீரக நோய்ப் பயத்தால் இப்போது நிறைய ஊர்களில் அது கிடைக்கிறது. அதுவும் இல்லை என்றால் கிணற்றுத் தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்க வைத்து ஆற விட்டு, அடியில் படிந்த வெள்ளையைக் கலக்காமல் மேல் தண்ணீரை மட்டும் ஊற்றி எடுங்கள். கொதிக்க வைத்தால் கல்சியம் முழுக்கப் போகாது, ஒரு பங்குதான் போகும், ஆனாலும் வித்தியாசம் நுரையில் தெரியும். முகம் கழுவுவதும் றேசர் கழுவுவதும் கிணற்றுத் தண்ணீரிலேயே நடக்கட்டும், பிரஷ் நனைக்கிற தண்ணீர்தான் நல்லதாக இருக்க வேண்டும்.

சரி, இப்போது சோதனை. இரண்டு கிறீமை ஒப்பிடுகிறீர்கள் என்றால் கிறீமைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும்: அதே பிரஷ், அதே தண்ணீர், அதே வகைப் புதுப் பிளேட், அதே நேரம். இன்றைக்கு ஒன்று, அடுத்த கிழமை இன்னொன்று என்று எடுத்தால் மனது என்ன நினைக்கிறதோ அதுதான் முடிவாக வரும். நகை நிறுக்கிற மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் நிறுத்து எடுங்கள், இல்லாவிட்டால் பாதாம் பருப்பு அளவு கண்ணால் பார்த்து எடுத்தாலும் போதும். பிரஷ்ஷை நனைத்து நன்றாக உதறுங்கள், ஈரம் கூடினால் நல்ல கிறீமும் சோப்புத் தண்ணியாகப் போகும். ஒரு கிண்ணத்தில் கிறீமைப் போட்டுச் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேருங்கள். முதலில் பெரிய குமிழி வரும், அதைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். இன்னும் சுழற்றச் சுழற்றக் குமிழி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாகி, மேற்பரப்பு மினுங்கத் தொடங்கும், பிரஷ்ஷைத் தூக்கினால் கட்டித் தயிர் மாதிரி நுனி வளைந்து நிற்கும். அந்த நிலைக்கு வர எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று கவனியுங்கள். தண்ணீர் கூடக் குடிக்கிற கிறீம்தான் பெரும்பாலும் நீண்ட நாள் வருகிற கிறீம்.

இப்போது இடக் கன்னத்தில் ஒன்று, வலக் கன்னத்தில் மற்றது. பூசியதும் எடுக்காமல் ஓரிரு நிமிடம் விடுங்கள், எங்கள் வெயில் காலத்தில், அதுவும் மின்விசிறிக்குக் கீழே, காய்கிற நுரை எது என்று உடனே காட்டிக்கொடுக்கும். பிறகு பிளேட் போகிறபோது காதால் கேளுங்கள், கண்ணால் பார்ப்பதை விட அது நம்பிக்கையானது. கரகர என்று முடி வெட்டுப்படுகிற சத்தம் தெளிவாக வந்தும் தோலில் இழுப்புத் தெரியவில்லை என்றால் வழுக்கல் நன்றாக இருக்கிறது. ஒரு தடவை வழித்த இடத்தில் புதிதாக நுரை பூசாமல், ஈர விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். இன்னும் வழுக்கினால் அந்தக் கிறீம் தரமானது, விரல் பிடித்து நின்றால் அதன் வேலை முடிந்துவிட்டது. நான் ஒரு கிறீமை நல்லது என்று சொல்ல இந்த ஒரு சோதனையைத்தான் முதலில் பார்ப்பேன். கிண்ணத்தில் மிஞ்சிய நுரையை அப்படியே வைத்துவிட்டுக் குளித்து வந்து பாருங்கள், இறங்கித் தண்ணீராகியிருக்கிறதா, நிற்கிறதா. கடைசியாக, மத்தியானம் தோல் எப்படி இருக்கிறது, இழுக்கிறதா, எரிகிறதா, கழுத்தில் சிவப்புப் புள்ளி வந்திருக்கிறதா. வியர்க்கிற ஊரில் இருக்கிற எங்களுக்கு இந்த மத்தியானக் கணக்கு மிக முக்கியம்.

விலைக் கணக்கு இலகு. டப்பா விலையை எடையால் பிரித்து, ஒரு சேவுக்குப் போகிற கிராமால் பெருக்குங்கள். டெய்லர் கிண்ணம் 150 கிராம், ட்ரம்பர் கிண்ணம் 200 கிராம், ஆகவே கிண்ணத்துக்குக் கிண்ணம் விலை ஒப்பிட்டால் பிழைக்கும். ஒரு கணக்குக்காக 150 கிராம் 12 பவுண்ஸ் என்றும் 200 கிராம் 24 பவுண்ஸ் என்றும் வைத்தால், பார்க்கும்போது இரண்டு மடங்கு விலை, கிராம் கணக்கில் 8 பென்ஸும் 12 பென்ஸும், அதாவது ஒன்றரை மடங்குதான். நல்ல தண்ணீரில் ஒரு கிராமில் ஒரு சேவ் முடியும். கிணற்றுத் தண்ணீரை அப்படியே பாவித்து இரண்டு கிராம் போட்டால் மலிவான கிறீமும் விலை கூடியதன் கணக்குக்கு மேலே போய்விடும். பார்த்தீர்களா, திரும்பவும் தண்ணீரிலேயே வந்து நிற்கிறோம்.

என் தீர்ப்பு: காசுக்குப் பெறுமதி டெய்லர்தான். மூன்று பெரிய பெயர்களில் விலை குறைந்தது, நுரை சுலபமாக வரும், இப்போதுதான் பிரஷ் பழகுகிறவருக்கும் பிசகாது. சந்தன வாசனை என்று விற்பது நாங்கள் கோயிலில் பூசுகிற சந்தனம் மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது வாசனைத் திரவியக்காரர் கலந்த ஒன்று, கொஞ்சம் காரமாக, சவர்க்கார வாசத்தோடு இருக்கும். தூக்கலான வாசனை பிடிக்காதவருக்கு அவகாடோ, இலகுவில் எரிகிற தோலுக்கு அவர்களுடைய ஜெர்மின் ஸ்ட்ரீட் என்ற கிறீம். ட்ரம்பருக்கு மேல்காசு கொடுப்பது வாசனைக்காக என்றால் சரி, ரோசாவும் வயலட்டும் அவர்களிடம் நன்றாக இருக்கும், தேசிக்காய் வாசனை எங்கள் வெக்கைக்குச் சொர்க்கம். ஆனால் தேசிக்காய் வகை வாசனைகள் சிலருடைய தோலை எரிக்கும், சேவ் எடுத்த உடனே நெருப்பு மாதிரி இருந்தால் அடுத்த நாளும் பூசிப் பார்க்க வேண்டாம். மூன்றுக்குள்ளும் ட்ரூஃபிட்தான் மிகச் செறிவான நுரை தருகிறது என்று எனக்குப் படுகிறது, தாடி முரடாக இருப்பவர் அதை யோசிக்கலாம், மற்றவருக்கு அந்த விலை தேவையில்லை. ஹரிஸ் அமைதியான வாசனை விரும்புகிறவருக்கு.

இன்னொன்றையும் மனதார சொல்கிறேன், இங்கிலீஷ்தான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லை என்றால் லண்டன் கடைகளிலேயே கிடைக்கிற இத்தாலியப் ப்ரொராசோ பச்சை டியூப்பைக் கேளுங்கள். யூக்கலிப்டஸும் மென்தோலும் போட்டது, பங்குனி சித்திரை வெயிலில் முகம் குளிர்ந்து போகும், விலையும் இவற்றை விடக் குறைவு.

கொண்டு வருகிறவருக்கு இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கிறீமும் விமான நிலையத்தில் திரவக் கணக்கில்தான் சேரும், 100 மில்லிக்கு மேற்பட்டதைக் கைப்பையில் விடாத இடங்கள் இன்னும் இருக்கின்றன, ஆகவே கிண்ணம் என்றால் பெரிய பெட்டிக்குள், மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பொலித்தீன் பையில். கைப்பையில்தான் வர வேண்டும் என்றால் 75 கிராம் டியூப். அடுத்தது, மலிவாகக் கிடைக்கிறது என்று இணையத்தில் பழைய சரக்கு வாங்க வேண்டாம். லிலியல் என்ற வாசனைப் பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச் 1 முதல் அழகுசாதனப் பொருட்களில் தடை செய்தது, பழைய டப்பாக்களில் அது இருக்கலாம். பட்டியலில் பியூட்டைல்ஃபீனைல் மெதில்புரோப்பியனல் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், இருந்தால் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு கிண்ணத்தைக் குளியலறை யன்னலில் வெயில் படுகிற இடத்தில் வைக்காதீர்கள். ஈரப் பிரஷ்ஷை நேரே டப்பாவுக்குள் விடுவதும் வேண்டாம், உலர்ந்த கரண்டிக் காம்பால் தோண்டி எடுத்தால் உள்ளே தண்ணீர் போகாது, பூஞ்சணம் பிடிக்காது. மூடி திறந்த சின்னப் படம் ஒன்று போட்டு அதற்குள் 12 அல்லது 24 என்று இலக்கம் இருந்தால், திறந்த நாளில் இருந்து அத்தனை மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அர்த்தம், திறந்த திகதியை அடியில் பேனாவால் எழுதி வையுங்கள்.