கெரிஸ் சேகரிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கெரிஸ் என்பது இந்தோனேசியாவின் பாரம்பரியக் குத்துவாள். போலி கெரிஸை வாங்கி ஏமாந்தால் பணம் போகும், அவ்வளவுதான். நல்ல பழைய ஜாவா கெரிஸை வாங்கி வந்து நம் கையாலேயே கெடுத்துவிட்டால் எந்தக் கொல்லராலும் அதை மீட்டுத் தர முடியாது. அதனால்தான் தேய்ப்பதை முதல் தவறு என்கிறேன்.

ஜாவா கெரிஸின் அலகு பளபளக்காது. சொரசொரப்பான கருஞ்சாம்பல் இரும்பின் மேல் வெள்ளிக் கோடுகள் ஓடும். புதிதாக வாங்கியவர் இதை அழுக்கென்று எண்ணி உப்புத்தாளைக் கையில் எடுத்துவிடுகிறார். அந்தக் கோடுகளின் பெயர் பமோர். எம்பு எனப்படும் கொல்லர், இரும்போடு நிக்கல் கலந்த இரும்பை அடுக்கி, மடித்து மடித்து அடித்து உண்டாக்கிய கோலம் அது. ஆர்சனிக் பாஷாணத்தை எலுமிச்சைச் சாற்றில் கரைத்துப் பூசும்போது இரும்பு கறுத்து, நிக்கல் வெளுத்து நிற்கும். தேய்த்தால் இரண்டும் ஒரே நிறமாகிவிடும். வழவழப்பான அலகு பாலித் தீவின் வழக்கம். அதை ஜாவா கெரிஸிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஜாவா நாட்காட்டியின் முதல் மாதமான சூரோவில் கெரிஸைக் கழுவும் சடங்கு உண்டு. தேங்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, எலுமிச்சையும் பூந்திக்கொட்டை இனத்து லெராக் காயும் கொண்டு துருவை நீக்கி, பிறகுதான் பாஷாணம் பூசுவார்கள். பாஷாணம் உயிருக்கு ஆபத்து. அந்த வேலையைப் பழகிய கைகளிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் மென்மையான தூரிகையும் லேசான எண்ணெயும் போதும்.

கைப்பிடியைக் கழற்றுவதிலும் அவசரம் ஆகாது. அலகின் அடியில் உள்ள பெசி என்ற மெல்லிய தண்டு, துணி சுற்றிக் கைப்பிடிக்குள் செருகப்பட்டிருக்கும். துருவேறிய பெசியை முரட்டுத்தனமாகத் திருகினால் முறிந்துவிடும். லேசாகச் சூடு காட்டி, சிறிது சிறிதாக அசைத்து எடுக்க வேண்டும்.

உறையை வைத்து அலகின் வயதைச் சொல்வது அடுத்த தவறு. ஜாவாவில் அலகு தலைமுறைகளைத் தாண்டி வரும். உறையும் கைப்பிடியும் வழியில் மாறும். பழைய அலகுக்குப் புது உறை இருப்பது மோசடி ஆகாது. ஆனால் பொருத்தம் பார்க்க வேண்டும். 1755-இல் கியாந்தி உடன்படிக்கையால் ஜாவாவின் மாதராம் அரசு இரண்டாகப் பிரிந்தது. சுரகர்த்தா, யோக்யகர்த்தா ஆகிய இரு அரசவைகளின் உறைகளும் கைப்பிடிகளும் தனித்தனிப் பாணியில் வளர்ந்தன. சடங்குக்குரிய கப்பல் வடிவ உறையைச் சுரகர்த்தாவில் லட்ராங் என்பார்கள்; யோக்யகர்த்தாவில் பிராங்கா. அன்றாடத்துக்கு உருண்டை வடிவக் காயமான். ஓர் ஊர்க் கைப்பிடியும் மற்றோர் ஊர் உறையும் சேர்ந்திருந்தால் யாரோ பிற்காலத்தில் இணைத்தது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். ஜாவா மொழியில் கஞ்சா எனப்படும் அலகின் அடிக்கட்டை, உறையின் வாயில் இடைவெளி இல்லாமல் அமர்கிறதா என்றும் பாருங்கள். பொதுவாகக் கஞ்சா தனித் துண்டு. அலகோடு ஒன்றாகவே செய்யப்பட்டதும் உண்டு. இணைப்புக் கோடு தெரியவில்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அலகின் வளைவுகள் எப்போதும் ஒற்றைப்படை. இரட்டைப்படை வந்தால் பெரும்பாலும் எண்ணியதில்தான் பிழை.

விற்பவர் சொல்லும் கதைக்கு விலை கொடுக்காதீர்கள். ஜாவாவின் பிரம்பனான் அருகே விழுந்த விண்கல் சுரகர்த்தா அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டது உண்மை. அதிலிருந்து கெரிஸ் செய்ததும் உண்மை. அந்த ஒரு கல்லை வைத்துக்கொண்டு, கடையில் உள்ள எல்லாக் கெரிஸும் விண்கல் இரும்பு என்கிறார்கள். சுலாவெசித் தீவின் லூவு பகுதியிலிருந்து நிக்கல் கலந்த இரும்பு ஜாவாவுக்கு வந்ததை அவர்கள் சொல்வதில்லை. அரிக்கப்பட்ட அலகெல்லாம் பழையதும் ஆகாது. அமிலத்தில் ஊறவைத்தும் அரிக்கலாம். மதுராத் தீவின் சுமெனெப் பகுதியில் இன்றும் அருமையான கெரிஸ் செய்கிறார்கள். அவற்றைப் புதியவை என்று அறிந்தே வாங்குவதில் ஒரு குறையும் இல்லை. பழைய ஜாவாப் பேரரசான மஜபாகித்தின் காலத்தது என்று சொல்லி விற்பதுதான் பொய்.

கெரிஸோடு வரும் காகிதங்களைத் தூக்கி எறிவது பலர் செய்யும் தவறு. 2020 மார்ச்சில் நெதர்லாந்து இந்தோனேசியாவிடம் ஒப்படைத்த கெரிஸ், டச்சு ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட ஜாவா இளவரசர் திபோநெகோரோவுடையது என்ற முடிவுக்கு வரப் பழைய ஆவணங்களும் ஓவியர் ராடன் சாலே எழுதிய குறிப்பும் உதவின. உறையில் கட்டிய பழைய சீட்டையோ முந்தைய உரிமையாளரின் கடிதத்தையோ கழற்றாமல், கெரிஸோடு சேர்த்தே வையுங்கள்.