ரெண்டு தட்டு, நாலு பேர்: பாலக்கோட்டில் நாங்கள் ஆடும் விதம்

டபுள் டிஸ்க் கோர்ட் ஆட்டத்துக்கு டென்னிஸ் போல எதிரெதிராக இரண்டு கட்டங்கள் உண்டு, வலை மட்டும் கிடையாது. வலை இருக்க வேண்டிய இடத்தில் 17 மீட்டர் வெற்றுத் தரை. கட்டம் ஒவ்வொன்றும் 13 மீட்டர் சதுரம். அணிக்கு இரண்டு பேர். ஃபிரிஸ்பீ எனப்படும் எறிதட்டுகள் இரண்டு ஒரே நேரத்தில் பறக்கும், அதுதான் இதன் உயிர். 1970களில் அமெரிக்காவின் ராச்சஸ்டர் நகரில் ஜிம் பால்மெரி என்பவர் உருவாக்கிய ஆட்டம் இது. பாலக்கோடு பக்கத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் நான் இதை என் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

முதல் வேலை நெருஞ்சி முள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வெறுங்காலோடுதான் ஓடுவார்கள். ஈரச் சாக்கைத் தரையில் அழுத்தி இரண்டு தடவை இழுத்தால் முள் பெரும்பாலும் சாக்கில் குத்திக்கொண்டு வந்துவிடும். அப்புறம் கோடு. மூலை கோணினால் ஆட்டம் முழுக்கச் சண்டைதான். கொத்தனார் மட்டம் பார்ப்பது போல ஒரு பக்கம் 3 மீட்டர், மறு பக்கம் 4 மீட்டர் அளந்து, குறுக்கே 5 வருகிறதா என்று பாருங்கள். கடைசியில் மூலைக்கு மூலை கயிறு பிடித்தால் 18 மீட்டர் 38 சென்டிமீட்டர் வர வேண்டும். கோட்டுக்குக் கோலமாவு போதும், சுண்ணாம்பு வேண்டாம்: விழுந்து புரளும் பிள்ளையின் கண்ணில் பட்டால் ஆபத்து. மூலையில் கல்லும் வைக்காதீர்கள், பழைய சைக்கிள் டயர் வையுங்கள்.

தட்டு 110 கிராம் எடையில் இருந்தால் நல்லது. எறிதட்டை வைத்து ஆடும் இன்னொரு குழு ஆட்டமான அல்டிமேட்டின் 175 கிராம் தட்டு பிள்ளைகளின் விரலுக்குக் கனம்.

அணிக்கொரு தட்டோடு இரு அணியும் நிற்கும். "ரெண்டு, ஒண்ணு, எறி!" என்றதும் இரண்டும் கிளம்பும். எதிராளி கட்டத்துக்குள் விழுந்து அங்கேயே நின்றால் எறிந்தவர்களுக்கு 1 புள்ளி. யாரும் தொடாமல் வெளியே விழுந்தால் எதிராளிக்கு 1. பிடித்துவிட்டால் புள்ளி இல்லை, ஆட்டம் தொடரும். ஓர் அணியின் கையில் இரண்டு தட்டும் ஒரே கணத்தில் பட்டுவிட்டால் அதற்குப் பெயர் டபுள், எதிராளிக்கு 2 புள்ளி. ஒரு தட்டு உங்கள் கையிலும் இன்னொன்று கூட்டாளி கையிலும் இருந்தாலும் டபுள்தான். நாங்கள் 15 புள்ளியில் முடிக்கிறோம்.

புதிதாக ஆடுபவர்கள் தட்டைப் பிடித்ததும் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அங்கேதான் 2 புள்ளி போகும். பிடித்த கணமே கண் அடுத்த தட்டைத் தேட வேண்டும். அது உங்கள் பக்கம் வருகிறது என்றால் கையில் இருப்பதை உடனே எறிந்துவிடுங்கள். கூட்டாளி இன்னும் எறியவில்லை, உங்களை நோக்கி ஒன்று வருகிறதா? பிடிக்காதீர்கள். நடுவிரல் நுனியால் தட்டை அடியிலிருந்து மேல்நோக்கித் தட்டிவிடுங்கள். அது எழும்பி இறங்குவதற்குள் கூட்டாளி தன் கையைக் காலி செய்துவிடலாம். எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் இதைப் பேச்சே இல்லாமல் செய்வார்கள். பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

எதிராளியை டபுள் வாங்க வைப்பதற்கு உங்கள் அணியில் ஒருவர் உயரமாக, மெதுவாக ஒன்றை மிதக்க விட வேண்டும். அது இறங்கத் தொடங்கும்போது மற்றவர் அதே ஆளை நோக்கி வேகமாக அடிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து போய்ச் சேரணும், அவ்வளவுதான். மிதக்கும் தட்டு படுத்தவாறே இறங்கட்டும். 30 டிகிரிக்கு மேல் சாய்ந்து மண்ணில் குத்தினால் எங்கள் களத்தில் புள்ளி இல்லை.

"எனுது!" என்று கத்தாமல் யாரும் தட்டுக்கு ஓடக் கூடாது. ஒருமுறை இரண்டு பையன்கள் சத்தமே போடாமல் ஒரே தட்டுக்குப் பாய்ந்து மோதிக்கொண்டார்கள், ஒருவனுக்கு நெற்றி புடைத்துவிட்டது. அன்றிலிருந்து கத்தாமல் பிடித்த தட்டுக்கு நான் எதிரணிக்குப் புள்ளி கொடுக்கிறேன்.

ஆடிக் காற்றில் இலேசான தட்டு எங்கேயோ போகும். காற்று குறுக்கே வீசும்படி கட்டத்தைப் போடுங்கள், அப்போது இரு அணிக்கும் ஒரே கஷ்டம். வலது கைக்காரர் பின்கையால் (பேக்ஹேண்ட்) எறிந்த தட்டு வேகம் குறையும்போது இடப்பக்கம் சரியும், அதையும் கணக்கில் வைத்து வலப்பக்கமாகக் குறிபார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் மண்ணில் சரளை அதிகம். தட்டின் விளிம்பில் பிசிறு கிளம்பி விரலைக் கிழிக்கும். ஆடி முடித்ததும் நைஸ் உப்புத்தாளால் விளிம்பைச் சுற்றித் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து எடுத்து வையுங்கள்.