‘பொரித்த ஈரல்’ பொறியில் சிக்காமல் கறுப்புக் காய் ஆடுவது எப்படி?

போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு 25 நிமிடச் செஸ் போட்டி. ஆறாம் நகர்த்தலிலேயே என் ராஜா வெட்டவெளிக்கு வந்துவிட்டார், எதிரில் இருந்தது பள்ளிக்கூடப் பையன். அவன் வைத்தது ‘பொரித்த ஈரல்’ (Fried Liver) பொறி, அதாவது குதிரையைப் பலிகொடுத்துக் கறுப்பு ராஜாவை வெளியே இழுக்கும் தாக்குதல். மூன்று இரவு உட்கார்ந்து பார்த்தபிறகு இதை எழுதுகிறேன். கட்டங்களின் பெயர் தெரிந்தால் போதும்.

பலகையை எடுத்து வையுங்கள். கைப்பேசி அப்புறம், கையால் நகர்த்தினால்தான் மனதில் நிற்கும்.

வெள்ளை ஈ4, நாம் ஈ5. வெள்ளைக் குதிரை எஃப்3, நம் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4, நம் இன்னொரு குதிரை எஃப்6. இந்தத் தொடக்க ஆட்டத்தின் பெயர்தான் டூ நைட்ஸ் டிஃபென்ஸ் (இரு குதிரைத் தற்காப்பு). இப்போது வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாயும். அதுவும் பிஷப்பும் சேர்ந்து எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கும், அதற்குக் காவல் ராஜா மட்டும்தான். டி5-ல் சிப்பாயைத் தள்ளி பிஷப்பை மறிக்கிறோம், வெள்ளை அதை வெட்டுகிறது.

இங்கேதான் நான் விழுந்தேன். வெட்டினால் திருப்பி வெட்டுவது கைப்பழக்கம், குதிரையால் டி5-ஐ எடுத்துவிட்டேன். உடனே அவன் குதிரை எஃப்7-ல் இறங்கியது, ராணிக்கும் யானைக்கும் ஒன்றாக ஆபத்து. ராஜாவால் வெட்டினேன். ராணி எஃப்3-ல் செக். டி5 குதிரையைக் காக்க ராஜா ஈ6-க்கு நடக்க வேண்டியதாயிற்று, அடுத்து சி3-க்கு இன்னொரு குதிரை வந்து அதே டி5-ஐ அழுத்தியது.

வெளியே ஒட்டுக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார், “தம்பி, சிப்பாய விடுங்க, பிஷப்ப விரட்டுங்க.”

அதாவது சி6 குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோக வேண்டும். குதிரையை ஓரத்தில் நிறுத்தாதே என்று கற்றுக்கொண்டதால் அந்தக் கட்டம் என் கண்ணிலேயே படவில்லை. ஏ5-லிருந்து நான்கு கட்டம்தான் எட்டும், ஆனால் அதில் ஒன்று பிஷப் நிற்கும் சி4! பிஷப் பி5-ல் செக் வைக்கும், சி6-ல் சிப்பாயைத் தள்ளுங்கள். அவர்கள் வெட்டினால் பி7 சிப்பாயால் திருப்பி வெட்டுங்கள், பிஷப் மறுபடி ஓட வேண்டும். அது ஈ2-க்குப் போனால் எச்6 தள்ளிக் குதிரையை விரட்டலாம், எஃப்3-க்கு வந்தால் ஈ4 தள்ளி இன்னொரு முறை. நமக்கு ஒரு சிப்பாய் குறைவுதான், ஆனால் நம் காய்கள் வேகமாக வெளியே வந்துவிடும்.

பிறகு சேர்த்தது: இதை ஆடிப்பார்த்த ஒருவர், பி5 செக்குக்குக் குதிரையையே சி6-க்குத் திருப்பி மறித்து அதை இழந்திருக்கிறார். டி5-ல் வெள்ளைச் சிப்பாய் நிற்கிறது, சும்மா வெட்டிவிடும். அங்கே சிப்பாய்தான் போக வேண்டும்.

பயிற்சிக்கு நான் லிச்செஸ் (Lichess) என்ற செஸ் இணையதளத்தைத்தான் சொல்வேன். இலவசம், விளம்பரம் கிடையாது. கணினியின் ஆலோசனையை மட்டும் முதல் பத்து ஆட்டம் அணைத்து வையுங்கள்.